மூச்சுக்கு மருந்து கொடுத்தால் கை ஏன் நடுங்குகிறது?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை அத்தைக்கு வீசிங் அதிகமாகி, பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். முகத்தில் மாஸ்க்கை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். மருந்துப் புகை உள்ளே போகப் போக, நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் மெல்ல அடங்கியது. முடிந்ததும் நர்ஸ் ஒரு டம்ளரில் வெந்நீர் கொடுத்தார். வாங்கும்போது அத்தையின் விரல்கள் நடுங்கின. தண்ணீர் தளும்பிப் புடவையில் சிந்தியது.

"என்னடா இது, கை இப்படி ஆடுது?"

"பயப்படாதீங்கம்மா, அந்த மருந்து அப்படித்தான். கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்றார் நர்ஸ்.

அவர் சொன்னபடியே நின்றுவிட்டது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். மூச்சுக்குழாய்க்குக் கொடுத்த மருந்து கையை ஏன் ஆட்டுகிறது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஆடிய கை ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. இரண்டுக்கும் பதில் செல்லுக்குள்ளே இருக்கிறது.

நெபுலைசரில் போட்டது சால்புட்டமால். அது நம் உடம்பிலேயே சுரக்கும் அட்ரினலினைப் பார்த்து வடிவமைத்த மருந்து. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், பயம், கோபம், அவசரம் என்றால் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இரவில் தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது இதன் வேலைதான்.

இந்த ஹார்மோன் ரத்தத்தில் வந்து செல்லின் வாசல்வரைதான் போகும். உள்ளே நுழையாது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். அட்ரினலினோ தண்ணீரோடு ஒட்டும் பொருள். எண்ணெயில் தண்ணீர் கலக்காத கதை. அதனால் அது வெளியே நின்று காலிங் பெல்லை அழுத்துவதோடு சரி. அந்த பெல்லுக்குப் பெயர் ஏற்பி. ஊசியில் நூல் கோத்துத் துணியில் மேலும் கீழுமாக ஏழு தையல் போட்டது போல, ஒரே புரத இழை சவ்வை ஏழு தரம் துளைத்துக்கொண்டு போயிருக்கும். வெளிப்பக்கம் உள்ள பள்ளத்தில் அட்ரினலின் வந்து உட்கார்ந்தால், இழை லேசாக அசைந்து, உள்பக்கத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். நடப்பது அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய அசைவை நம்பித்தான் நாம் பார்ப்பதும் முகர்வதும் நடக்கிறது. இதே குடும்பத்து ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 800 இருக்கின்றன. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றில்தான் போய் உட்காருகிறது. இவற்றை ஆராய்ந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, பெல் அடித்தாயிற்று. உள்ளே யார் எழுந்து வருகிறார்கள்?

இதைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் நான் எப்போதும் நிதானமாகத்தான் சொல்வேன். 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஏர்ல் சதர்லாந்து என்பவர் கல்லீரலை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அட்ரினலின் பட்டால் கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் விடும். உடைக்கும் என்சைமின் பெயர் பாஸ்போரிலேஸ். இவ்வளவும் ஏற்கெனவே தெரிந்தது. ஹார்மோன் வேலை செய்ய முழு செல் வேண்டும், உடைந்த செல்லில் எதுவும் நடக்காது என்பதுதான் அப்போது பொதுவான நம்பிக்கை. சதர்லாந்தும் உடன் வேலை செய்த தியோடர் ரால் முதலியவர்களும் கல்லீரலைக் கூழாக அரைத்தார்கள். அந்தக் கூழில் அட்ரினலினை விட்டார்கள். பாஸ்போரிலேஸ் விழித்துக்கொண்டது!

அடுத்து கூழை வேகமாகச் சுழற்றினார்கள். சவ்வுத் துண்டுகளெல்லாம் அடியில் வண்டலாகப் படிந்தன. மேலே தெளிவு நின்றது. பாஸ்போரிலேஸ் அந்தத் தெளிவில்தான் இருந்தது. தெளிவில் மட்டும் அட்ரினலினை விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆக, ஹார்மோனின் பேச்சு என்சைமுக்கு நேரடியாகப் புரியவில்லை. பிறகு வண்டலில் மட்டும் அட்ரினலினையும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யையும் (ATP) சேர்த்து வைத்துவிட்டு, அதைக் கொதிக்க வைத்தார்கள். கொதித்ததை எடுத்துத் தெளிவில் விட்டதும் பாஸ்போரிலேஸ் மறுபடியும் விழித்தது.

கொதிக்க வைத்ததுதான் இதில் சாமர்த்தியம். புரதம் எதுவாக இருந்தாலும் வெந்த முட்டை போலக் கட்டியாகி வேலைக்கு ஆகாமல் போயிருக்கும். அப்படியென்றால் சவ்வில் ஏதோ ஒரு சிறிய, சூடு தாங்குகிற பொருள் புதிதாக உருவாகியிருக்கிறது. சேதியைச் சவ்விலிருந்து என்சைமுக்கு அதுதான் தூக்கிக்கொண்டு போகிறது. 1957, 58 வாக்கில் அது இன்னதென்று தெரிந்தது. இப்போது அதைச் சைக்ளிக் ஏ.எம்.பி. என்கிறோம். அந்த ஏ.டி.பி.யிலிருந்து இரண்டு பாஸ்பேட்டைக் கழற்றிப் போட்டு, மிச்சத்தை வளையமாக முடிந்தால் கிடைக்கும் சின்ன மூலக்கூறு. ஹார்மோன் முதல் தூதன், இது இரண்டாம் தூதன். 1971-இல் சதர்லாந்துக்கு நோபல் பரிசு.

நடுவில் இன்னும் ஓர் ஆள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ட்டின் ராட்பெல் இதே மாதிரி சவ்வுகளோடு வேலை செய்தபோது, அவர் வாங்கிய ஏ.டி.பி.யில் ஜி.டி.பி. (GTP) என்ற வேறொரு பொருள் மாசாகக் கலந்திருந்தது. சுத்தமான ஏ.டி.பி.யைப் போட்டால் சேதி சரியாகப் போகவில்லை, ஜி.டி.பி. இருந்தால் போனது. வேலையைச் செய்தது அந்த மாசுதான்! ஏற்பிக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. தயாரிக்கும் என்சைமுக்கும் இடையில், ஜி.டி.பி.யைப் பிடித்துக்கொண்டு விழிக்கிற புரதம் ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஆல்ஃபிரட் கில்மன். இருவருக்கும் 1994-இல் நோபல். அந்தப் புரதத்தின் பெயர் ஜி புரதம். கொஞ்சம் கழித்து இதனிடம் திரும்பி வருவோம்.

இப்போது முழுச் சங்கிலியையும் கோத்துப் பார்க்கலாம். அட்ரினலின் ஏற்பியில் உட்காருகிறது. ஏற்பியின் உள்பக்கம் அசைகிறது. அங்கே சும்மா இருந்த ஜி புரதம், கையிலிருந்த பழைய ஜி.டி.பி. கழிவை, அதாவது ஒரு பாஸ்பேட் குறைந்ததை, கீழே போட்டுவிட்டுப் புது ஜி.டி.பி.யை எடுத்துக்கொள்கிறது. எடுத்ததும் அதன் ஒரு துண்டு பிரிந்து சவ்வோடு நகர்ந்து, அடினைலைல் சைக்ளேஸ் என்ற என்சைமைத் தட்டி எழுப்புகிறது. அது ஏ.டி.பி.களை வளையமாக்கித் தள்ளுகிறது. அந்தச் சைக்ளிக் ஏ.எம்.பி.கள் போய் புரத கைனேஸ் ஏ என்ற என்சைமின் கட்டை அவிழ்க்கின்றன. கட்டு அவிழ்ந்த கைனேஸ், மற்ற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்டினால் சில புரதங்கள் விழிக்கும், சில தூங்கிவிடும். இப்படிப் பாஸ்பேட்டை ஒட்டியும் எடுத்தும் செல் புரதங்களை இயக்குகிறது என்பதை 1955-இல் பாஸ்போரிலேஸிலேயே கண்டவர்கள் சியாட்டிலைச் சேர்ந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். அவர்களுக்கு 1992-இல் நோபல்.

எதற்கு இத்தனை கை மாற வேண்டும், நேராகவே சொல்லிவிடக் கூடாதா என்று தோன்றும். ஒவ்வொரு கையிலும் சேதி பெருகுகிறது, காரணம் அதுதான். விழித்த ஒரு சைக்ளேஸ் ஏராளமான சைக்ளிக் ஏ.எம்.பி.களை உண்டாக்கும். ஒரு கைனேஸ் பல புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும். அவை ஒவ்வொன்றும் இன்னும் பலவற்றை எழுப்பும். ரத்தத்தில் வரும் அட்ரினலினைவிடச் செல்லுக்குள் எழும் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் அடர்த்தி ஏறக்குறைய 10,000 மடங்கு இருக்கலாம். கடைசியில் வெளியே வரும் குளுக்கோஸின் கணக்கு அதையும் தாண்டும். ஒரு சிட்டிகை ஹார்மோனை வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் எழுப்புவது இப்படித்தான்.

இனி அத்தையின் கைக்கு வருவோம். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சேதிக்குச் சொந்தமாக எந்த அர்த்தமும் கிடையாது. "தளர்ந்துகொள்" என்றோ "இறுகு" என்றோ அதில் எழுதியிருக்கவில்லை. அர்த்தம், சேதியைக் கேட்கும் செல்லிடம் இருக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையில் கைனேஸ் விழித்தால், சுருங்குவதற்கான இயந்திரத்தின் வேகம் குறைகிறது; தசை தளர்கிறது, காற்று போகிறது. இதயத் தசையில் அதே கைனேஸ் விழித்தால் கால்சியம் நுழையும் வாசல்கள் கூடுதலாகத் திறந்து, துடிப்பு பலமாகிறது. கல்லீரலில் சர்க்கரை வெளியே வருகிறது. கை விரலை அசைக்கும் தசையிலும் இதே ஏற்பி உண்டு; அங்கே சேதி போனால் நடுக்கம். மருந்து நுரையீரலுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து, இந்த பெல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டது.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ப்ரோப்ரனலால் என்ற மருந்து, பெல்லை அடிக்காமல் அதன்மேல் விரலை வைத்து மறைத்துக்கொள்ளும். படபடப்புக்கும் தலைவலிக்கும் சிலருக்குக் கொடுப்பார்கள். வீசிங் உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழாயில் உள்ள பெல்லையும் மறைத்து, ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் "எனக்கு வீசிங் உண்டு" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

கை ஏன் நின்றது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

மருந்து ரத்தத்தில் குறைந்துவிட்டது என்பது பதிலில் பாதிதான். பெல் அடித்தவர் போய்விட்டார், சரி. உள்ளே இத்தனை பேர் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களை யார் உட்கார வைப்பது? மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போடுகிறோம். போட்டவர் வேலைக்குப் போய்விட்டால் மோட்டார் தானாக நிற்காது. தொட்டி வழிந்து தெருவெல்லாம் ஓடும். செல் அப்படி விடுவதில்லை. போடுகிற ஒவ்வொரு சுவிட்சுக்கும் அணைக்கிற ஓர் ஆளைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க பாஸ்பட்டேஸ் என்ற என்சைம்கள் இருக்கின்றன. சைக்ளிக் ஏ.எம்.பி.யின் வளையத்தை வெட்டி வீணாக்க பாஸ்போடைஎஸ்டரேஸ் இருக்கிறது. இதையும் கண்டது சதர்லாந்தின் குழுதான். சாப்பிட்ட பிறகு வரும் இன்சுலின், கல்லீரலிலும் கொழுப்புச் செல்லிலும் இந்த வெட்டும் ஆளை வேகப்படுத்தி, அட்ரினலின் மூட்டிய அவசரத்தை அடக்குகிறது. (இன்சுலினின் ஏற்பி வேறு ஜாதி. அதுவே ஒரு கைனேஸ். ஜி புரதம் இல்லாமலே தன் சேதியை அனுப்பிவிடும்.)

இந்த அணைப்பான்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜி புரதத்துக்குள்ளேயே இருப்பது. ஜி.டி.பி.யைப் பிடித்து விழித்துக்கொள்ளும் அந்தத் துண்டு, அதே ஜி.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டைத் தானே கடித்துத் துப்பும். கடித்ததும் தூங்கிவிடும். யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. சில நொடிகள்தான் கணக்கு. தொடர்ந்து வேலை நடக்கவேண்டுமானால் வெளியே ஹார்மோன் தொடர்ந்து பெல் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். எழும்போதே அணையும் நேரத்தையும் கையில் வாங்கிக்கொண்டு எழுகிற புரதம் இது.

அந்தக் கடி நின்றுபோனால் என்ன ஆகும்? அதற்குப் பெயர் காலரா.

1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவ விஞ்ஞானி, காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுவதும் வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத் திரவத்தை முயல் குடலில் செலுத்தினார். கிருமி ஒன்றுகூட இல்லை; ஆனாலும் குடலில் நீர் கோத்துக்கொண்டது. நோயை உண்டாக்குவது கிருமி வெளியிடும் நஞ்சு என்று இப்படித்தான் தெரிந்தது. எளிய வசதிகளோடு செய்த இந்த வேலைக்குக் கிடைத்திருக்கவேண்டிய மரியாதை அவர் காலத்தில் கிடைக்கவில்லை என்பது எனக்கு என்றும் வருத்தம். அந்த நஞ்சு செய்வது மிகச் சின்னக் காரியம் என்று பின்னால் தெரிந்தது. குடல் செல்லுக்குள் நுழைந்து, ஜி புரதம் தன் ஜி.டி.பி.யைக் கடிக்கிற இடத்தில் ஒரு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. பற்களின் நடுவே கட்டையைச் செருகியது போல. இனிக் கடிக்க முடியாது, அணைய முடியாது. ஹார்மோன் எதுவும் வராமலே சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது. குடல் செல்லில் அந்தச் சேதிக்கு அர்த்தம் "குளோரைடு வாசலைத் திற" என்பது. உப்பு வெளியேற, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அரிசி களைந்த நீர் போல, மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். மனிதர் சில மணி நேரத்தில் வற்றிப்போகிறார்.

நல்லவேளையாக, குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே வரும் இன்னொரு வாசல் இருக்கிறது. காலரா நஞ்சு அதைத் தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், ஒரு பக்கம் வழிந்துகொண்டிருந்தாலும் மறுபக்கம் உடம்பு தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையில் பங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலநாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து வைத்துக் கொடுக்கச் செய்தார். அதற்குமுன் 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதுதான். பொட்டலம் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு.

இனி பெல்லுக்கே வருவோம், ஏனென்றால் அதற்கும் ஓர் அணைப்பான் உண்டு. யாராவது விடாமல் பெல் அடித்துக்கொண்டே இருந்தால் நாம் என்ன செய்வோம்? வயரைப் பிடுங்கிவிடுவோம். செல்லும் அதையே செய்கிறது. ரொம்ப நேரமாக விழித்திருக்கும் ஏற்பியின் வாலில் ஒரு கைனேஸ் பாஸ்பேட் ஒட்டி அடையாளம் வைக்கும். அடையாளத்தைப் பார்த்து அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். இனி ஜி புரதம் பக்கத்தில் வரமுடியாது. அதன்பின் சவ்வு உள்ளே குழிந்து, ஏற்பியை அப்படியே செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். சில ஏற்பிகள் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாசலுக்கு வரும். சில அங்கேயே உடைத்துப் போடப்படும்.

வீசிங் இன்ஹேலரை நினைத்த நேரமெல்லாம் அடித்துக்கொள்கிறவர்களுக்கு நாளடைவில் மருந்து சரியாகக் கேட்காமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. "முன்ன ரெண்டு பஃப் போதும், இப்ப ஆறு அடிச்சாலும் பத்தல" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் பெல் குறைந்துவிட்டது. அதைவிட முக்கியம், உள்ளே மூச்சுக்குழாயின் வீக்கம் கவனிக்கப்படாமலே கூடிக்கொண்டு போகிறது. அதனால்தான் சால்புட்டமால் மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம், ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே இருக்கவேண்டும் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது.

ஸ்டீராய்டு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். அது கார்ட்டிசால் என்ற நம் உடம்பின் இன்னொரு ஹார்மோனின் சாயலில் செய்தது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் அதற்குக் காலிங் பெல் தேவையில்லை; சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய்விடும். உள்ளே காத்திருக்கும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.யில் எந்த ஜீனைப் படிக்கலாம், எதை மூடி வைக்கலாம் என்று சொல்லும். வீக்கத்தை உண்டாக்கும் ஜீன்களை அடக்கும். இன்னொன்றும் செய்யும்: அட்ரினலின் ஏற்பியின் ஜீனை அதிகமாகப் படிக்க வைக்கும். அதாவது பிடுங்கிப் போட்ட பெல்களுக்குப் பதிலாகப் புது பெல்களைச் செய்து வாசலில் மாட்டும். இரண்டு ஹார்மோன் வழிகள் ஒரே செல்லில் இப்படி ஒன்றுக்கொன்று கை கொடுப்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பியதும் அத்தையின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சால்புட்டமால் உள்ள நீல இன்ஹேலர் காலி. ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது.

"அத அடிச்சா ஒண்ணும் தெரியலடா, அதான் விட்டுட்டேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நீல இன்ஹேலருக்கு வேண்டிய ஆட்கள் எல்லோரும் செல்லுக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கிறார்கள். பெல் அடித்த சில நிமிடத்தில் தசை தளர்ந்துவிடும். ஸ்டீராய்டோ ஜீனைப் படிக்க வைத்து, அதன் நகலை எடுத்து, அதிலிருந்து புரதத்தைச் செய்து, அதைச் சவ்வுக்குக் கொண்டுபோய் மாட்டவேண்டும். அதற்கு மணிக்கணக்காகும். வீக்கம் அடங்கி, வித்தியாசம் தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும். இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, "அத்தை, நீலம் வந்து பெல் அடிக்கிற ஆளு. இது அந்த பெல்லைச் செஞ்சு மாட்டுற ஆசாரி. ஒரே நாள்ல முடிச்சிடுவாரா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அந்த இன்ஹேலரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தினமும் வரச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அதைக் காலையில் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.